அளவும் அளவுகோலும்

ஒவ்வோர் ஆண்டும் முதுகலை வேதியியல் வகுப்பில் ‘அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு’ என்னும் பாடத்தை நடத்துவது என் பொறுப்பு. கரும்பலகையில் கிடையாக ஒரு கோடு வரைவேன். அதன்மேல் சில மேடுகளை எழுப்புவேன். இந்த மேடு மெத்தில் தொகுதிக்கு உரியது, இது மெத்திலீன் தொகுதிக்கு உரியது என்று சொல்லிக்கொண்டே போவேன். ஆண்டு தவறாமல் ஒரு மாணவர் எழுந்து, “சார், இதனால் வாழ்க்கையில் என்ன பயன்?” என்று கேட்பார். நானும் தவறாமல், “தேர்வில் பத்து மதிப்பெண்” என்று சொல்லி வகுப்பைச் சிரிக்கவைத்துவிட்டு அடுத்த மேட்டுக்குப் போய்விடுவேன்.

அந்தக் கேள்விக்கு உரிய விடையை நான் கற்றுக்கொண்டது வகுப்பறையிலே அல்ல. ஒரு மருத்துவமனையின் தாழ்வாரத்திலே. அதை நம் கல்லூரி மலரில் எழுதவேண்டும் என்று நெடுநாளாக எண்ணம். பெருமைக்காக எழுதவில்லை, நான் செய்த பிழையும் அதில் அடங்கியிருப்பதால் எழுதுகிறேன்.

என் தங்கை மகளுக்குத் தலைப்பிரசவம். குழந்தை பிறந்தவுடன் அழவில்லை. மூச்சு சீராவதற்குள் சில நிமிடங்கள் கடந்துவிட்டன. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்த்தார்கள். எட்டாம் நாள் குழந்தையின் தலையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். அந்தப் படங்களோடு ஒரு தாளும் வந்தது. தாளில் படம் ஏதுமில்லை. கிடையாக ஒரு கோடும் அதன்மேல் சில மேடுகளும் மட்டுமே இருந்தன. இருபது ஆண்டுகளாக நான் கரும்பலகையில் வரைந்துவரும் அதே மேடுகள்!

மருத்துவர் வர மாலையாகும் என்றார்கள். என் தங்கை அந்தத் தாளை என் கையில் கொடுத்து, “அண்ணே, இது உங்க பாடம்தானே? என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்கண்ணே” என்றாள்.

படித்தேன். கோலின் என்ற பொருளின் மேடு மற்ற எல்லாவற்றையும்விட உயர்ந்து நின்றது. நான் அறிந்த நூற்படத்திலோ, நலமான மூளையில் உயர்ந்து நிற்பது என்-அசிட்டைல் ஆஸ்பார்டேட் என்ற பொருள். போதாக்குறைக்கு, 1.3 என்று குறித்த இடத்தில் அகலமாக ஒரு மேடு. அது லாக்டேட்டுக்கு உரிய இடம். ஆக்சிஜன் கிடைக்காத திசுவில் சேரும் பொருள் அது. எனக்குத் தொண்டை வறண்டது. “நல்லதாப் படலேம்மா” என்று சொல்லிவிட்டேன். அன்று மாலை மருத்துவரைப் பார்க்க முடியவில்லை. அன்றிரவு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

நான் சொன்னது தவறு. எப்படித் தவறாயிற்று என்பதைச் சொல்லுமுன், இந்த அளவீடு எத்தகையது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பூட்டிய வீடு

நம் உடலின் எடையில் மூளை ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு பெரிய அடுப்பு எரியும் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அறிய நமக்கு நெடுங்காலம் வழியே இல்லை. இரத்தத்தை ஊசியில் எடுத்துச் சோதிக்கலாம். சிறுநீரைக் குடுவையில் பிடித்துச் சோதிக்கலாம். மூளையை என்ன செய்வது? இறந்தபின் அறுத்துப் பார்த்தாலும் உண்மை கிடைக்காது. ஆற்றலைச் சேமித்துவைக்கும் பாஸ்போகிரியேட்டின் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், லாக்டேட் ஏறிவிடும். வீட்டைத் திறப்பதற்குள் சமையலறையே மாறிப்போயிருக்கும். உயிரோடிருக்கும் மூளையை, உயிரோடிருக்கும்போதே, திறக்காமல் அளந்தாக வேண்டும்.

காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல் அதைத்தான் செய்கிறது. ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு நுண்ணிய காந்தம். வலிமையான காந்தப்புலத்தில் வைத்தால், அந்தப் புலத்துக்கென்று அமைந்த ஓர் அதிர்வெண்ணில் அது ரேடியோ அலையை ஏற்று, திரும்பத் தருகிறது. 3 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் அந்த அதிர்வெண் விநாடிக்கு ஏறத்தாழ 12.8 கோடி. அணுவைச் சுற்றியுள்ள எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தைச் சிறிதளவு மறைப்பதால், ஒவ்வொரு மூலக்கூறிலும் இந்த அதிர்வெண் மயிரிழை அளவு மாறுகிறது. என்-அசிட்டைல் ஆஸ்பார்டேட்டுக்கும் கிரியேட்டினுக்கும் இடையேயுள்ள வேறுபாடு பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 12.8 கோடியில் ஏறத்தாழ 128. இந்த வேறுபாட்டைக்கொண்டே எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள்.

ஸ்கேன் படம் வீட்டின் வரைபடம் என்றால், இந்த நிறமாலை அவ்வீட்டுச் சமையலறையின் இருப்புப் பட்டியல் எனலாம். வரைபடம் பெரும்பாலும் தண்ணீரால் வரையப்படுகிறது. பட்டியலோ தண்ணீரை ஒதுக்கிவைத்த பிறகே தெரிகிறது. மூளையில் பெரும்பகுதி நீர்தான். அதன் ஒலி, நாம் தேடும் பொருள்களின் ஒலியைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரிது. பேரிகை முழங்கும் இடத்தில் கொலுசொலியைக் கேட்பது போன்ற வேலை இது. போதாததற்கு, உடல் வெப்பத்தில் பத்து லட்சம் ஹைட்ரஜன் கருக்களில் ஏறத்தாழ பத்தே கருக்களின் மிகுதிதான் நமக்குச் செய்தி தருகிறது. மீதியெல்லாம் எதிரெதிரே நின்று தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. ஆகவே ஒரே அளவீட்டை நூறு முறைக்கு மேலும் திருப்பித் திருப்பி எடுத்துக் கூட்டுகிறார்கள். நான்கு மடங்கு நேரம் செலவிட்டால்தான் இரண்டு மடங்கு தெளிவு கிடைக்கும்.

குடுவையிலிருந்து குழந்தைக்கு

இதைக் கண்டுபிடித்தவர்கள் மூளையை நினைத்துக் கண்டுபிடிக்கவில்லை. 1946-ல் ஹார்வர்டில் பர்செல் குழுவினர் பாரபின் மெழுகிலும், ஸ்டான்போர்டில் பிளாக் குழுவினர் தண்ணீரிலும் இந்த ஒத்ததிர்வைக் கண்டார்கள். அவர்களுக்கு வேண்டியதெல்லாம் அணுக்கருவின் காந்தப் பண்பு. 1952-ல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. இதற்கிடையில் ஒரு சிக்கல் தோன்றியது. ஒரே தனிமத்தின் கரு, வெவ்வேறு சேர்மங்களில் வெவ்வேறு அதிர்வெண் காட்டியது. கருவை அளக்க வந்த இயற்பியலாருக்கு இது இடையூறு. வேதியியலாருக்கோ அதுவே புதையல்!

1951-ல் ஸ்டான்போர்டில் ஆர்னால்டு, தர்மட்டி, பாக்கார்டு என்னும் மூவர் எத்தனாலை அளந்து, மூன்று தனித்தனி மேடுகளைக் காட்டினர். அவற்றின் பரப்பு 1 : 2 : 3 என்ற விகிதத்தில் இருந்தது. நாம் இன்றும் வகுப்பில் முதலில் வரைவது அந்தப் படத்தைத்தான். அந்த மூவரில் ஒருவரான தர்மட்டி நம் நாட்டவர். பிறகு பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இத்துறையை வளர்த்தவர். அதே 1951-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சூரியன் என்ற அறிஞர், ஓடும் திரவங்களில் இந்த ஒத்ததிர்வு எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்து எழுதினார். ‘இதெல்லாம் மேனாட்டார் வித்தை’ என்று ஒதுங்கி நிற்பவர்கள் இவ்விருவரையும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

குடுவையிலிருந்து உயிருக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. 1974-ல் ஆக்ஸ்போர்டில் எலியின் தசை ஒன்றை அப்படியே காந்தத்துக்குள் வைத்து, அதிலுள்ள பாஸ்பரஸ் சேர்மங்களை அளந்தார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் மனிதக் கைகால்களின் தசைகளை அளந்தார்கள். பின்னர் மூளைக்கு வந்தார்கள். முதலில் அளக்கப்பட்டவற்றுள் பச்சிளங்குழந்தைகளின் மூளைகளும் இருந்தன. சிறிய காந்தத்துக்குள் சிறிய உடல்தான் நுழையும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

லண்டன் குழந்தைகள்

1983, 1984 ஆகிய ஆண்டுகளில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்களும் இயற்பியலாரும் இணைந்து வெளியிட்ட முடிவுகளை நான் மிகவும் மதிக்கிறேன். பிறக்கும்போது மூச்சுத்திணறிய குழந்தைகளின் மூளையில் பாஸ்போகிரியேட்டின், கனிமப் பாஸ்பேட் ஆகிய இரண்டின் விகிதத்தை அவர்கள் நாள்தோறும் அளந்தார்கள். பாதிப்பு நேர்ந்த முதல் நாளிலேயே விகிதம் விழுந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பர். ஆனால் முதல் நாளில் அது பெரும்பாலும் சீராகவே இருந்தது. அடுத்தடுத்த நாள்களில்தான் சரிந்தது. அப்போது மூச்சும் இரத்த ஓட்டமும் சரியாகவே இருந்தன. மிகவும் சரிந்த குழந்தைகள் பிழைக்கவில்லை, அல்லது கடும் குறைபாட்டோடு பிழைத்தன.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். பெருமழை பெய்யும்போது ஏரி உடைவதில்லை. மழை விட்டு, வானம் வெளுத்து, ‘தப்பினோம்’ என்று மூச்சுவிட்ட மறுநாள் கரை உடைகிறது. இந்த இடைவேளையில் மணல்மூட்டை அடுக்க நேரம் இருக்கிறது! அப்படி ஓர் இடைவேளை மூளைக்கும் உண்டு என்று சொன்னது, கத்தி படாத இந்த அளவீடு.

அந்த இடைவேளையில் என்ன செய்யலாம்? 1995-ல் அதே லண்டன் குழுவினர், மூச்சடைத்த பன்றிக்குட்டிகளின் உடலைச் சற்றே குளிர்வித்தால் இந்த இரண்டாம் சரிவு குறைவதை அதே பாஸ்பரஸ் அளவீட்டால் காட்டினார்கள். அதன் பிறகு குழந்தைகளிடம் பெரிய சோதனைகள் நடந்தன. பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, உடல் வெப்பத்தை 33 முதல் 34 டிகிரி செல்சியஸ் அளவில் 72 மணி நேரம் வைத்திருந்தார்கள். 2005 முதல் 2009 வரை வெளிவந்த முடிவுகள் நன்மை காட்டின. வளமான நாடுகளில் அதுவே வழக்கமான சிகிச்சையாயிற்று.

இங்கேதான் நான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். ‘அங்கே பலித்தது, இங்கேயும் பலிக்கும்’ என்று எண்ணுவது மனித இயல்பு. 2015-க்கும் 2019-க்கும் இடையில் இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளில் 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகளைக்கொண்டு அந்தச் சிகிச்சை சோதிக்கப்பட்டது. ‘ஹீலிக்ஸ்’ என்று பெயரிட்ட அந்தச் சோதனையில் நம் சென்னையும் பங்கேற்றது. 2021-ல் முடிவு வெளிவந்தது. இறப்போ கடும் குறைபாடோ நேர்ந்தவர்கள் குளிர்வித்த குழந்தைகளில் 50 விழுக்காடு, குளிர்விக்காதவர்களில் 47 விழுக்காடு. பயன் இல்லை. இறப்பை மட்டும் தனியே பார்த்தால் குளிர்வித்தவர்களில் 42 விழுக்காடு. குளிர்விக்காதவர்களில் 31 விழுக்காடு!

ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் பின்னால் ஒரு தாய் இருக்கிறாள். அந்தச் சோதனையை நடத்தாமல், மேனாட்டு எண்ணை மட்டும் நம்பி நாடெங்கும் குளிர்விக்கத் தொடங்கியிருந்தால் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. லண்டனில் அளந்த எண் பொய்யன்று. அது லண்டன் குழந்தைகளின் எண், அவ்வளவுதான். நம் குழந்தைகளுக்குப் பாதிப்பு நேரும் வேளை வேறா? பிரசவ வலிக்கு முன்பே கருவறையில் தொடங்கிவிடுகிறதா? தாயின் உணவும் நோயும் இதில் எவ்வளவு பங்கு கொள்கின்றன? இக்கேள்விகளுக்கு ஊகத்தால் விடை காண முடியாது. நம் குழந்தைகளை நாமே அளந்துதான் காணவேண்டும்.

எதைக்கொண்டு அளப்பது?

‘அளந்துவிட்டால் போதும், உண்மை தெரிந்துவிடும்’ என்பாரும் உளர். அவர்களோடும் நான் உடன்படவில்லை. துணிக்கடையில் அளவுகோலே குறையாயிருந்தால் எத்தனை முறை அளந்து என்ன பயன்?

இந்த நிறமாலையில் வருவது மேடுகளின் பரப்பு. அந்தப் பரப்பை எதனோடேனும் ஒப்பிட்டால்தான் அது அளவாகும். பல இடங்களில் கிரியேட்டின் மேட்டையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். அது மூளையில் ஏறக்குறைய நிலையாக இருக்கும் என்பது எண்ணம். 1994-ல் ஜெர்மனி நாட்டு மருத்துவர்கள் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார்கள். 22 மாதக் குழந்தை. வளர்ச்சி நின்று, கைகால்கள் கட்டுக்கடங்காமல் அசைந்தன. அவன் மூளையை அளந்தபோது கிரியேட்டின் மேடே இல்லை! உடலில் கிரியேட்டினைச் செய்யும் நொதி ஒன்று அவனுக்குப் பிறவியிலேயே குறைவு. வாய்வழியே கிரியேட்டின் கொடுத்தார்கள். மேடு மெல்ல எழுந்தது, குழந்தையும் தேறத் தொடங்கினான். விகிதத்தை மட்டும் பார்த்திருந்தால் மற்றவையெல்லாம் பெருகிவிட்டதாகத் தோன்றியிருக்கும். அளவுகோலே காணாமற்போனதை யாரோ கண்ணால் கண்டதால் ஒரு நோய்க்கு மருந்து கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். என்-அசிட்டைல் ஆஸ்பார்டேட் நரம்பணுக்களில் உண்டாகும் பொருள். அது குறைந்தால் நரம்பணுக்கள் நலிந்தன என்று பொதுவாகக் கொள்வர். அப்படியானால் அது மிகுந்தால் நல்லதா? கனவான் நோய் என்று ஒரு பிறவி நோய் உண்டு. அதில் இப்பொருளைச் சிதைக்கும் நொதி இல்லாததால் மேடு மிக உயர்ந்து நிற்கிறது. குழந்தையோ நாளுக்கு நாள் நலிகிறது. எண் ஒன்றே, அதன் பொருள் வேறு. ஏன் உயர்ந்தது, ஏன் தாழ்ந்தது என்று அறியாமல் உயரத்தை மட்டும் பார்ப்பவர், தேர்வு விடைத்தாளின் கனத்தைப் பார்த்து மதிப்பெண் போடுபவருக்கு ஒப்பாவார்.

இவற்றையெல்லாம் சொல்வதால் இந்த முறையை நான் குறைத்துப் பேசுவதாக எண்ணவேண்டாம். 2019-ல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 223 குழந்தைகளைக்கொண்டு நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு வெளிவந்தது. மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் பகுதியில் என்-அசிட்டைல் ஆஸ்பார்டேட்டின் அடர்வை, விகிதமாக விட்டுவிடாமல் முறையான அளவாகவே கண்டார்கள். இரண்டு வயதில் அக்குழந்தையின் நிலை எப்படியிருக்கும் என்பதை மற்ற எல்லாக் குறிகளையும்விட அந்த அளவு நன்றாகக் காட்டியது. ஒரே முறையில், ஒரே பகுதியில், ஒரே கால அளவில், கவனத்தோடு எடுத்ததால் வந்த பயன் அது. கவனத்தோடு எடுத்த எண்ணுக்கு அத்தனை வலிமை உண்டு. அதனால்தான் கவனமின்றிப் படித்த எண் அத்தனை தீங்கு செய்யும்.

என் பிழை

மறுநாள் காலையில் மருத்துவர் வந்தார். வயதில் என் மாணவியாக இருக்கத்தக்க இளம்பெண். நான் தாளைக் காட்டி, கோலின் ஓங்கியிருப்பதையும் லாக்டேட் எழுந்திருப்பதையும் எனக்குத் தெரிந்த சொற்களில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சார், நீங்க புத்தகத்திலே பார்த்த மூளைக்கு என்ன வயசு?”

நான் வாயடைத்து நின்றேன். நான் பார்த்தது வளர்ந்த மனிதனின் மூளை. பிறந்த குழந்தையின் மூளையில் கோலின் மேடுதான் உயரம். என்-அசிட்டைல் ஆஸ்பார்டேட் குழந்தை வளர வளரத்தான் ஏறும். அந்தத் தாளில் கோலின் உயர்ந்திருந்தது நோயால் அல்ல. எட்டு நாள் வயதால்.

“சரி, அந்த 1.3?” என்றேன்.

“அது லாக்டேட்டா இருந்தா ரெண்டாப் பிரிஞ்சிருக்கணும். அதோட இது எந்த எதிரொலி நேரத்திலே எடுத்ததுன்னு மேலே போட்டிருக்கு, பாருங்க. 144 மில்லி விநாடி. அப்போ லாக்டேட் தலைகீழாத் தொங்கணும். இது மேலே பார்த்துக்கிட்டு அகலமா நிக்குது. அளவெடுத்த கட்டம் ஓரமாப் போயிட்டதாலே தோலுக்கடியிலே இருக்கிற கொழுப்பு உள்ளே வந்திருக்கு, அவ்வளவுதான்.”

பக்கத்துக் கருவின் பிணைப்பால் மெத்தில் மேடு இரண்டாகப் பிரியும் என்பதும், லாக்டேட்டில் அந்தப் பிணைப்பு ஏறத்தாழ 7 ஹெர்ட்ஸ் என்பதும், அதனால் 144 மில்லி விநாடியில் மேடு தலைகீழாகும் என்பதும் நான் ஆண்டுதோறும் நடத்தும் பாடம்! தேர்வில் கேட்டால் என் மாணவர்களே சொல்லிவிடுவார்கள். ஆனால் அச்சம் வந்தபோது எனக்கே மறந்துவிட்டது. மேட்டின் பெயரை மட்டும் படித்தேன். அதன் உருவத்தைப் பார்க்கவில்லை.

“அப்போ குழந்தைக்கு ஒண்ணுமில்லையே?” என்று என் தங்கை கேட்டாள்.

“அப்படின்னும் இந்தத் தாள் சொல்லலேம்மா. கெட்டதுன்னும் சொல்லலே. குழந்தையைப் பார்த்துக்கிட்டே வருவோம். மாசாமாசம் கூட்டிட்டு வாங்க” என்றார் மருத்துவர்.

அந்த விடையின் நேர்மையை நான் இன்றும் மறக்கவில்லை. இல்லாத நம்பிக்கையையும் அவர் விற்கவில்லை. இல்லாத அச்சத்தையும் விற்கவில்லை. குழந்தை சற்றுத் தாமதமாகத்தான் உட்கார்ந்தாள். ஒன்றரை வயதில் நடந்தாள். இப்போது இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். கணக்கில் என்னோடு வாதிடுகிறாள். அந்தத் தாளில் இதில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் அதைப் படித்து நான் சொன்ன ஒரு சொல், ஒரு வீட்டை ஓர் இரவு முழுதும் இழவு வீடாக்கியது.

நமக்கு வேண்டியது

‘சோற்றுக்கே வழியில்லாத நாட்டில் கோடி ரூபாய்க் காந்தம் எதற்கு?’ என்று என் நண்பர் ஒருவர் வாதிடுவார். அவர் இரக்கத்தை மதிக்கிறேன், வாதத்தை ஏற்கவில்லை. காந்தங்கள் ஏற்கெனவே வந்துவிட்டன. நம் மாநிலத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தனியார் நிலையங்களிலும் எம்.ஆர்.ஐ. எந்திரங்கள் நாள்தோறும் ஓடுகின்றன. ஹைட்ரஜனைக்கொண்டு அளக்கும் நிறமாலைக்கு வேறு எந்திரம் வேண்டியதில்லை. அதே காந்தம் போதும். பாஸ்பரஸை அளப்பதற்குத்தான் தனிக் கருவிகள் வேண்டும். ஆகவே நமக்குக் குறைவாயிருப்பது இரும்பும் செம்பும் அல்ல. காந்தப்புலத்தைச் சீராக்கவும், கட்டத்தைச் சரியான இடத்தில் வைக்கவும், மேட்டைப் பார்த்து இது கொழுப்பு, இது லாக்டேட் என்று பிரித்துச் சொல்லவும் அறிந்த ஆள்தான் குறைவு. அந்த ஆள் எங்கே உருவாகவேண்டும்? நம்முடையதைப் போன்ற கல்லூரிகளின் இயற்பியல், வேதியியல், புள்ளியியல் துறைகளில் அன்றோ?

ஆதலால் மூன்று கருத்துகளைப் பணிவோடு முன்வைக்கிறேன்.

முதலாவது, நோயாளியின் கையில் தரும் ஒவ்வொரு தாளிலும் மேடுகளோடு வயது, அளந்த இடம், பாதிப்பு நேர்ந்து எத்தனையாம் நாள், எதோடு ஒப்பிட்ட அளவு ஆகிய நான்கும் தமிழில் அச்சாகவேண்டும். இவை இல்லாத எண், ஊர் பெயர் இல்லாத தபால்.

இரண்டாவது, நலமாகப் பிறந்த நம் குழந்தைகளின் அளவுகளை, பெற்றோரின் முழு ஒப்புதலோடு, நாமே திரட்டவேண்டும். நோயை அளக்குமுன் நலத்தை அளந்திருக்கவேண்டும். பிற நாட்டு நலத்தைக்கொண்டு நம் நோயை அளப்பது எவ்வளவு ஆபத்து என்பதை 408 குழந்தைகளின் கணக்கு நமக்குக் காட்டிவிட்டது.

மூன்றாவது, மேடுகளுக்குப் பெயர் சூட்டுவதோடு பாடத்தை முடிக்கும் என் போன்ற ஆசிரியர்கள் மாறவேண்டும். உண்மையான மனிதரின் உண்மையான வரைபடத்தை வகுப்பில் வைத்து, அதில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று வாதிடப் பழக்கவேண்டும். சொல்லக்கூடாததைச் சொல்லாதிருப்பதும் விஞ்ஞானமே.

இந்த நிறமாலை யாருடைய எண்ணத்தையும் படிக்காது. அறிவையும் குணத்தையும் அளக்காது. ஒரு தேக்கரண்டி அளவுள்ள மூளைத் திசுவில் சில பொருள்களின் சராசரி இருப்பைச் சொல்லும், அவ்வளவே. ஆனால் அந்த அவ்வளவைக்கொண்டு ஒரு குழந்தையின் ஏரிக்கரை உடையுமுன் மணல்மூட்டை அடுக்கலாம் என்றால், அதைச் செம்மையாகக் கற்காமல் இருப்பதற்கு நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

என் தங்கை வீட்டில் பாதுகாப்பாக இருந்த அந்த எட்டாம் நாள் தாளின் நகலை, பெயர் மறைத்து, அவர்கள் சம்மதத்தோடு வாங்கி வைத்திருக்கிறேன். வரும் பருவத்தில் ‘இதனால் வாழ்க்கையில் என்ன பயன்?’ என்று கேட்கும் மாணவருக்குப் பத்து மதிப்பெண் விடையை இனிச் சொல்லமாட்டேன். அந்தத் தாளைக் கையில் கொடுத்து, “படித்துச் சொல்லுங்கள்” என்பேன். மேடுகளின் பெயர்களை மளமளவென்று சொல்பவருக்குப் பாதி மதிப்பெண். “சார், இந்த மூளைக்கு என்ன வயசு?” என்று முதலில் கேட்பவருக்கு முழு மதிப்பெண்.